அந்திக்கு எழும் ஆன்டெனா

1

அத்தைக்குத் தெரியுமா, தெரியாதா?

சில நாட்களாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், இதோடுதான் படுக்கிறேன். அத்தை என்று நான் சொல்வது என் கணவர் செந்திலின் அம்மாவை. அவருக்கு எது தெரியுமா என்று கேட்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரத்தில் ஆரியசாலை என்ற கடைத்தெருவில் எங்கள் வீடு. முன்னால் மிளகாய் வத்தலும் புளியும் மொத்தமாக விற்கும் எங்கள் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் முன்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில் ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. ஜப்பானில் செய்தது. இரண்டே கதவு. என்னைவிட வயதில் மூத்தது. மலேசியாவில், நம் கிள்ளானில் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே, பகலில் முகப்பு விளக்கே இல்லாததுபோல் மூக்கு தட்டையாக இருக்கும், சுவிட்சைப் போட்டால் மூடி திறந்து இரண்டு விளக்கும் மேலே எழுந்து நிற்கும், அந்த வகைக் கார். ரேடியோவைப் போட்டால் முன் சக்கரத்துக்கு மேலே ஒரு துளையிலிருந்து ஆன்டெனா தானாக நீண்டு எழும். அணைத்தால் மறுபடி உள்ளே போய்விடும்.

கார் செந்திலின் அண்ணன் சிவாவுடையது. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. நாற்பது வயதில் மாரடைப்பு. கல்யாணம் ஆகாதவர்.

அந்த ஆன்டெனா இப்போதும் விளக்கு வைக்கிற நேரத்தில் எழுகிறது. காரில் ஆள் இருக்காது. சாவி சமையலறைக்கு வெளியே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

முதல் தடவை நான் பார்த்தபோது கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மழை நின்றிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், கொட்டகையின் அரைச்சுவருக்கு மேலே ஒரு கம்பி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்கு வந்ததும் அதன் நுனி கொஞ்ச நேரம் நடுங்கியது. நான் அசையவில்லை. பிறகு, கொட்டகை வாசலில் தெரிந்த இடது பக்கத்து விளக்கு பாதி திறந்து, தூக்கக் கலக்கத்தில் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறவரைப்போல என்னைப் பார்த்தது.

துணியோடு உள்ளே ஓடினேன். அத்தை அடுப்பில் தோசைக்கல்லை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சிவா வந்துட்டான். நீ போய் பிள்ளைக்கு மூஞ்சி கழுவி விடு மக்கா” என்றார்.

2

மலேசியப் பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். செந்தில் கோலாலம்பூரில் கணினி வேலை பார்த்தபோது பழக்கம், கல்யாணம், பிறகு மகள் கயல். அவளுக்கு இரண்டு வயதானபோது சிவா இறந்தார். வயதான அவர் பெற்றோரைத் தனியே விட முடியாது என்று இங்கே வந்தோம். மற்றவர்கள் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போய் ஊர் நினைப்பில் எழுதுவார்கள். நான் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்து அதையே செய்துகொண்டிருக்கிறேன்.

தமிழ் பேசுகிற வீடுதானே, என்ன கஷ்டம் என்று அம்மா சொல்லி அனுப்பினார். வந்த முதல் வாரம், “செந்தில் காடியை எங்கே வெச்சிருக்கார்?” என்று அத்தையிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மாட்டுக்காரனுக்கு எடுத்து வைத்திருந்த அரிசி கழுவிய தண்ணீர் வாளியைக் காட்டினார். நமக்குக் காடி என்றால் கார். இங்கே அந்தக் கழுநீர்தான் காடி. மாமா, அதாவது செந்திலின் அப்பா, கடையில் உட்கார்ந்தபடி அன்று முழுவதும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

சிவாவை நான் கல்யாணத்தில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடைய சாயங்காலங்கள் எனக்கு மனப்பாடம். அத்தை அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கிய கார். வேலை முடிந்து பின்பக்கச் சந்து வழியாகக் கொட்டகைக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். உடனே இறங்க மாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே சாய்ந்து ரேடியோ கேட்பார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அரைச்சுவர் காரை மறைத்துவிடும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா மட்டும் தெரியும். ஆன்டெனா தெரிந்ததும் அத்தை தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். அது உள்ளே இறங்கியதும் மாவை ஊற்றுவார். கை கால் கழுவிவிட்டு அவர் வந்து உட்காரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். அம்மாவுக்கும் மகனுக்கும் இடையில் ‘வந்துட்டேன்’, ‘சாப்பிட வா’ என்ற பேச்சே கிடையாது.

அவர் போன பிறகு அத்தை சாயங்காலத்தில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். மத்தியானம் ஏதோ கொறிப்பார். அந்தி ஆனால் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். நாங்கள் வந்தபோது அவர் கழுத்தெலும்பைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம், நான் பார்ப்பதற்குச் சில நாள் முன்பு, ஒரு மழைக்கால அந்தியில் ஆன்டெனா தானாக எழுந்தது. அவர் எழுந்து போய்க் கல்லை வைத்தார். முதல் தோசையை ஒரு தட்டில் தனியே வைத்துவிட்டு, இரண்டாவதைத் தான் சாப்பிட்டார்.

செந்தில் “லூஸ் கனெக்‌ஷன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனாலும் ஞாயிறுதோறும் காரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பார்.

3

இது அத்தையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன்.

கயலுக்கு இப்போது ஐந்து வயது. நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்கிறாள். என்னை ‘அம்மே’ என்கிறாள். நான் அவளுக்கு வாங்கிவந்த தமிழ் எழுத்து அட்டைகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. பள்ளியில் சேர்க்கும்போது தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். வகுப்பு ஆசிரியை மிகவும் அன்பாக, “வீட்டிலும் கொஞ்சம் மலையாளம் பேசுங்களேன், பிள்ளைக்கு எளிதாக இருக்கும்” என்றார். அது என் கடமையா, அல்லது அதை எதிர்ப்பது என் கடமையா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை. இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறேன்.

அதே ஆசிரியை போன மாதம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “வல்யச்சன் எல்லா நாளும் சாயங்காலம் வரும், கண்ணு திறந்து பார்க்கும், பேசாது என்று கயல் சொல்கிறாள். வீட்டில் யார் அது?” என்று கேட்டார்.

வல்யச்சன் என்றால் பெரியப்பா. பெரியப்பா என்ற சொல்லை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது அவள் வாயில் நிற்கவில்லை.

“காரைச் சொல்கிறாள் டீச்சர்” என்றேன். ஆசிரியை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்குப் போகும்போது கயல் கொட்டகைப் பக்கம் கை ஆட்டிவிட்டுப் போகிறாள். ஓவியத்தில் எங்கள் குடும்பத்தை வரையச் சொன்னால், ஆச்சி, தாத்தா, அச்சன், அம்மா, தான், பக்கத்தில் ஒற்றைக்கண்ணோடு ஒரு சிவப்புக் கார். காருக்குத் தலைமுடிபோல ஒரே ஒரு கோடு.

கிள்ளானுக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

“அதை வித்துத் தொலைக்கச் சொல்லு. பிள்ளை இருக்கிற வீடு” என்றார் அம்மா.

“அத்தை சாப்பிடறதே அதை வெச்சுத்தாம்மா.”

“அப்ப பிள்ளைக்கு மந்திரிச்சுக் கயிறு கட்டு.”

“நீ நம்புறியா?”

“நான் நம்பறேனா இல்லையாங்கறது வேற. கட்டறதுல என்ன நஷ்டம்?”

கட்டினேன். நம்பிக் கட்டினேனா என்று கேட்காதீர்கள்.

4

காரின் பதிவுக் காலம் முடியப்போகிறது. புதுப்பிக்காவிட்டால் உடைக்கத்தான் கொடுக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால் இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்கும் நிறுத்த வேண்டும். செந்திலுக்கு அலுவலக நெருக்கடி. அந்த அலைச்சல் என் தலையில் விழுந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை வைத்திருக்கும் நான், இன்னொரு நாட்டில், மூன்றாவது மொழியில், ஒரே ஒரு தடவை பார்த்த ஒருவருடைய காருக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன்.

இறந்துவிட்டார் என்பதை ‘மரிச்சு போயி’ என்று மலையாளத்தில் சொல்லப் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு ஜன்னலிலும் சொல்ல வேண்டியிருந்தது. இரவல் மொழியில் சொல்லும்போது அது அவ்வளவு கனக்கவில்லை. அதற்காகப் பிறகு வீட்டில் அத்தை முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

வாரிசுச் சான்றிதழுக்குப் போனபோது மாமாவும் கூட வந்தார். அங்கிருந்த எழுத்தர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, கல்யாணமாகாத மகனுக்கு அம்மாதான் முதல் வாரிசு, அம்மா இருக்கும்போது அப்பாவின் பெயர் அதில் வராது என்றார்.

மாமா கையில் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. ஒப்புக்கூட வேண்டாம், அல்லே?” என்று எழுத்தரிடம் கேட்டார். ‘ஒப்பு’ என்றால் இங்கே கையெழுத்து.

“வேண்டாம் சார்.”

ஆட்டோவில் ஏறியபின், “சட்டம்னா அப்படித்தான். அவதானே பெத்தா” என்றார்.

வண்டியை முதல் தடவை சோதனைக்குக் கொண்டுபோனது செந்தில். சோதனை அதிகாரி விளக்கைப் போடச் சொன்னார். வலது விளக்கு எழுந்தது, இடது விளக்கு பாதியில் நின்றது. “இதென்ன, நம்மளைப் பார்த்துக் கண்ணடிக்குது?” என்று கேட்டு, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரிக்க, சரிசெய்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

5

அப்படித்தான் ஷாஜி வந்தார். பழைய கார்களின் மின்சார வேலை செய்கிறவர். வாய் ஓயாது. இந்த மாதிரி விளக்கு தனக்குத் தூசு என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் காலை வைத்தார், வைத்ததும் தும்மல். மிளகாய் நெடி அந்தச் சுவரில் ஊறிப்போயிருக்கிறது.

“சேச்சி, இது காரோ, மசாலாப் பெட்டியோ?”

முன் மூடியைத் திறந்து, இடது விளக்கின் மோட்டாரில் ஒரு ரப்பர் மூடியைக் கழற்றி, அடியில் இருந்த குமிழைக் கையால் திருகினார். விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. மோட்டார் செத்தாலும் கையால் திருகி ஏற்றலாமாம், அதற்காகவே வைத்திருக்கிறார்களாம். உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, வேறு மோட்டார் கொச்சியிலிருந்து வர வேண்டும் என்றார்.

ஆன்டெனாவையும் பார்க்கச் செந்தில் சொல்லியிருந்தார். சில நாட்களாக அது எழும்போது டக் டக் என்று சத்தம். கம்பியின் அடியில் பல் வைத்த நைலான் கயிறு ஒன்று இருக்கிறது, மோட்டார் அதைத்தான் தள்ளுகிறது, இழுக்கிறது. அதில் சில பற்கள் உடைந்திருந்தன. புதிதை மாட்ட இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ரேடியோவைப் போட்டு அணைக்க, ஒருவர் கயிற்றைத் துளைக்குள் விட.

நான் சிவாவின் இருக்கையில் உட்கார்ந்தேன். அதுவரை அதில் உட்கார்ந்ததில்லை. அவர் உடம்பின் பள்ளம் அப்படியே இருந்தது. நான் அதைவிடச் சிறியவள்.

“இப்போ ஓன்!” என்று ஷாஜி கத்தினார். போட்டேன். இரைச்சலுக்கு நடுவில் யாரோ மலையாளத்தில் மழை அறிவிப்பு வாசித்தார். பழைய கம்பி கயிறோடு வெளியே வந்தது. “புதுசு விடுறேன். ஓஃப்!” அணைத்தேன். மோட்டார் புதுக் கயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. என் காலுக்குப் பக்கத்திலேயே அந்தச் சத்தம் ஓடியது. கண்ணாடி வழியாக, சுவருக்கு மேலே சமையலறை ஜன்னலின் மேல்பகுதி தெரிந்தது. சிவா தினமும் பார்த்தது இதைத்தான் என்று தோன்றியது. அங்கே அத்தையின் உச்சந்தலை தெரிந்தது.

இறங்கியபோது ஷாஜி விளக்கு மோட்டாருக்குப் போகும் வயரைக் கையில் பிடித்திருந்தார்.

“சேச்சி, இது கம்பெனி வயர் அல்ல. ஆரோ பின்னீடு, வாங்கின பிறகு, வெச்சது. இங்கேந்து கரண்டு எடுத்து ஆன்டெனாவுக்கு விட்டிருக்கு. நடுவுல வெளியே எங்கயோ போகுது. டேப்பைப் பாருங்க, பார்சல் ஒட்டற டேப்பு! இது நனைஞ்சா விளக்கு தன்னால மேல பொங்கும், பின்னே மோட்டார் கேடாகாம இருக்குமா?”

வயர் சக்கரத்துக்கு மேலே இருந்த இடுக்கு வழியாக வெளியே வந்து, சுவரில் இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாயின் பின்பக்கமாக ஏறியிருந்தது. குழாயோடு சேர்த்து அங்கங்கே சணல் நூலால் கட்டியிருந்தது.

அந்த முடிச்சை நான் தினமும் பார்க்கிறேன். மாமா சரக்கு மாதிரிப் பொட்டலங்களுக்குப் போடுவது. இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். எதிரே நிற்கும் வியாபாரிக்குப் பொட்டலத்தைச் சட்டென்று பிரித்துக் காட்ட அப்படிக் கட்டுவார். கடையில் வேலை செய்கிறவர்கள் யாருக்கும் அது சரியாக வராது என்று அவருக்கு ஒரு பெருமை.

வயர் மாமாவின் அறை ஜன்னலுக்குள் போயிற்று.

“அது பழைய பெல் வயர். விட்டுடுங்க” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“காருக்கு எந்தினா சேச்சி பெல்? உள்ளே இருக்கிற ஆளுக்கு விருந்தாளி வந்தது அறியணுமோ?” என்று சொல்லிச் சிரித்தார் ஷாஜி. என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “தமாசு பறஞ்சது. ஆனா ஒண்ணு. இதை வெச்சுக்கிட்டு டெஸ்ட்ல ஜெயிக்க முடியாது. புது மோட்டாரும் இதேபோலப் போகும். அடுத்த வாரம் விட்டு வர்ற திங்கட்கிழமை மோட்டாரோட வந்து இதை வெட்டிடறேன்.”

6

மாமா விளக்கு வைக்கிற நேரத்தில் கால் உளைச்சல் என்று கடையிலிருந்து உள்ளே வந்து படுப்பார். இத்தனை நாளாக அதை நான் கால் உளைச்சல் என்றே நம்பியிருந்தேன். தைலம்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று அவர் வருவதற்கு முன்பே அறையில் போய் நின்றேன். ஜன்னல் கம்பிக்கும் கட்டிலுக்கும் நடுவில், தொங்கும் துண்டுக்குப் பின்னால், பழைய காலிங்பெல் பட்டன் ஒன்று இருந்தது. முன்பு கிடங்கில் சுமை இறக்குகிறவர்களைக் கூப்பிட வைத்திருந்ததாம். அழுத்திப் பிடித்திருந்தால் ஆன்டெனா எழுந்து நிற்கும். விட்டால் இறங்கும்.

மாமா வாசலில் நின்று என்னைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

“அந்த வாயாடி வந்தப்பவே நெனச்சேன்” என்றார்.

“ஏன் மாமா இப்படி?”

“நீ பார்த்தியே, வந்தப்ப அவ எப்படி இருந்தான்னு.”

“அதுக்காக…”

“கேட்டியா, முதல் தடவை நான் இல்ல.” குரலைத் தணித்துக்கொண்டார். “சத்தியமா நான் இல்ல. அப்ப வயரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் கடையில கணக்கு முடிச்சிட்டு வாறேன், கம்பி நிக்குது. என் கண்ணால பார்த்தேன். அவ எழுந்து கல்லு வெச்சா, சாப்பிட்டா. மறுநாள் ஜன்னல்ல நின்னா. வரல்ல. அதுக்கடுத்த நாளும் வரல்ல. மறுபடி முதுகைக் காட்டி உக்காந்துட்டா. அவன் வராட்டி என்ன, நான் வரப் பண்ணுறேன்னு… அந்தக் கிடங்குக்குப் பெல்லு மாட்டுனவன் நான், எனக்கு இது தெரியாதா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஈரத்தில் ஏதோ ஒரு இணைப்பு உள்ளுக்குள் ஒட்டியிருக்கும், ஷாஜியைக் கேட்டால் எது என்றுகூடச் சொல்லிவிடுவார் என்றா?

“திங்கட்கிழமை வெட்டணும்னு சொல்றார் மாமா. இல்லேன்னா காரே போயிடும்.”

“தெரியும்.” ஜன்னலைப் பார்த்தபடி, “செந்தில்கிட்ட சொல்லாதே” என்றார்.

பிறகு நேரமாகிவிட்டது என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே வந்தேன். வந்த சிறிது நேரத்தில் கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்டது. புதுக் கயிறு, அதனால் டக் டக் இல்லாமல் மழமழவென்று எழுந்தது. எனக்கு உண்மை தெரியும். தெரிந்தும் முதுகில் சில்லென்றது.

செந்திலிடம் இன்னும் சொல்லவில்லை. கணவரிடம் மறைக்கிறேன் என்பது ஒரு பக்கம் உறுத்துகிறது. சொன்னால் அன்றைக்கே கத்தரியை எடுத்துக்கொண்டு போவார் என்பதும் தெரிகிறது.

7

போன வாரம் சிவாவின் திதி. அது முடிந்த மறுநாள், உறவில் ஒரு கல்யாணத்துக்காக மாமா திருநெல்வேலிக்குப் போனார். காலையில் தம்பானூரில் நான்தான் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். இன்றைக்கு ஆன்டெனா எழாது, அத்தை என்ன செய்கிறார் என்று பார்க்கலாம், திங்கட்கிழமைக்கு அது ஒரு ஒத்திகையாக இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரக்கமில்லாத கணக்கா, தெரியவில்லை.

அந்தி வந்தது. அத்தை ஜன்னலில் நின்றார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தனை கவனமாக நான் வெங்காயம் உரித்ததே இல்லை.

ஆன்டெனா எழுந்தது.

மாமா இல்லை. செந்தில் அலுவலகத்தில். ‘முதல் தடவை நான் இல்ல’ என்று மாமா சொன்னது காதுக்குள் கேட்டது. அத்தை கல்லை அடுப்பில் வைத்தார். நான் கூடத்தைக் கடந்து மாமாவின் அறைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை.

கயல் கட்டிலின் மேல் மண்டியிட்டு, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்துகிற அழுத்தத்தில் முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினாள், பேசாதே என்று.

அப்போது சமையலறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பேசுகிற குரல்.

“போதும் மக்கா. கை வலிக்கும்.”

கயல் விரலை எடுத்தாள். கொட்டகையில் கம்பி இறங்குகிற சத்தம். அதற்குப் பிறகு, சூடான கல்லில் மாவு விழுகிற சத்தம்.

அத்தை மகன்களை, பேத்தியை, என்னை, பால்காரனைக்கூட மக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கை வலிக்கும் என்றால்? கம்பிக்குக் கை ஏது? ரேடியோ கேட்கிற மகனுக்குக் கை ஏன் வலிக்க வேண்டும்? அவர் என் மகளிடம் சொன்னாரா? அப்படியானால் இத்தனை நாளும், தனக்காகக் கட்டிலில் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் கிழவருக்காகத்தான் அவர் கல்லை வைத்து, முதல் தோசையை ஒதுக்கி, இரண்டாவதைச் சாப்பிட்டாரா?

“ஆச்சி யார்கிட்ட சொன்னாங்க கயல்?” என்று கேட்டேன்.

“வல்யச்சன்கிட்ட” என்றாள். அவளுக்கு அதில் துளி சந்தேகமில்லை. “தாத்தா சொல்லிச்சு, நான் ஊர்ல இல்லாதப்ப நீதான் பட்டனை அமர்த்தணும்னு. ஆச்சிக்கு அறியக்கூடாது. இது அமர்த்துனாத்தான் அம்மே வல்யச்சனுக்கு வழி தெரியும்.”

“திங்கட்கிழமை ஷாஜி மாமன் இதை எடுத்துடுவாரே.”

அவள் பட்டனைக் கையால் மூடிக்கொண்டாள். “எடுத்தா, பின்னே வல்யச்சன் எங்க போகும்?”

நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மணிக்கட்டில் நான் கட்டிய கயிறு இருந்தது. சமையலறைக்குப் போனபோது அத்தை தட்டில் தோசையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முதல் தோசை வழக்கம்போலத் தனித் தட்டில். என்னை நிமிர்ந்து பார்த்து, “பிள்ளைக்கும் ஒண்ணு ஊத்தவா? களைச்சுப் போயிருப்பா” என்றார்.

பள்ளிக்கூடம் போய்வந்த களைப்பைச் சொன்னாரா, பட்டன் அழுத்திய களைப்பையா?

8

மாமா திரும்பி வந்துவிட்டார். ஆன்டெனா தினமும் எழுகிறது. கொச்சியிலிருந்து மோட்டார் கிளம்பிவிட்டதாக ஷாஜி தகவல் அனுப்பியிருக்கிறார். அத்தை வாரிசாகப் போட வேண்டிய கையெழுத்துகளையெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டார். போடும்போது, “வண்டி உடையாம இருந்தா போதும்” என்று மட்டும் சொன்னார்.

வயரை வெட்டினால் கார் பிழைக்கும், அத்தை மறுபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாரோ என்று பயம். வெட்டாவிட்டால் கார் உடைக்கப் போகும், அப்போதும் அதே கதை. புது மோட்டாருக்குக் கேடு வராதபடி பட்டனுக்குத் தனி வயர் முறையாக இழுத்துத் தரச் சொல்லலாம். ஷாஜி செய்துவிடுவார், கேலியும் செய்வார். ஆனால் அப்படிச் செய்தால், இறந்த ஒருவரைப் பட்டன் வைத்து வரவழைக்கலாம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தருவதில் நானும் சேர்ந்துவிடுவேன். இப்போதே சேர்ந்துவிட்டேனோ என்னவோ.

இந்த ஊரில் யாரிடமும் கேட்க முடியாது. ஆரியசாலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், சாயங்காலத்துக்குள் அத்தை காதுக்குப் போய்விடும். நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். திங்கட்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள். ‘உண்மையைச் சொல்லிவிடு’ என்று எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் யாரிடம் சொல்வது? அத்தையிடமா, மாமாவிடமா, கயலிடமா?